நீ எழுதித் தரச் சொன்ன புகார்

ஐயா,

நீ கேட்ட கடிதம் இது இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நல்ல தாளாக எடுத்து, தேதி போட்டு, 'டியர் சார்' வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் தோட்டத்துக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்தத் தாள் மேசைமேல் அப்படியே கிடக்கிறது. உன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த ரைஸ் குக்கரை உங்கள் ரவாங் வீட்டு மாடிப்படியில் நீயே கை நழுவவிட்டுப் போட்டாய். மூடி நசுங்கிவிட்டது. பெட்டியைத் திறக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று கம்பெனிக்கு எழுதினால் புதுசு ஒன்று வரும், கூடவே ஏதாவது அன்பளிப்பும் வரும் என்றாய். "நீங்க எழுதுங்கம்மா, ஒங்க இங்கிலீஷுக்கு ஒரு பவர் இருக்கு" என்று சிரித்தாய். மருமகளிடம் திரும்பி, "எங்கம்மா ஒரு லெட்டர் போட்டா போதும், வீட்டு முன்னாடி லோரி வந்து நிக்கும் லா" என்றாய். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போல் இருந்தது. ஆனாலும் உன்னோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

உனக்குத் தெரிந்தது இந்தக் கதையின் இனிப்பான பாதி. மீதியை உன்னிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிமேல் அவரிடம் சொல்ல முடியாது. நீ இருக்கிறாய். கொஞ்சம் பொறுமையாகப் படி.

நான் கோல சிலாங்கூர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம் வரை படித்தவள். அதை உன்னை ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை. படித்து என்ன? கல்யாணமாகி இந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்ததும் ஆயாக்கொட்டகையில் வேலை. விடியலில் பால்மரம் வெட்டப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்ட இங்கிலீஷ் எதற்கு? எண்பத்திரண்டில், நீ மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது, கொட்டகைக்கு வந்த பால் டின்களில் சில உப்பிப்போயிருந்தன. ஒன்றைத் திறந்தால் ஒரே புளித்த நாற்றம். அதற்குள் இரண்டு குழந்தைகள் குடித்து வாந்தி எடுத்துவிட்டன. வேலை வாங்குகிற மண்டோரிடம் சொன்னேன், ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய்ச் சொல் என்றார். கிராணி தலையைத் தூக்காமலே, "நல்லா சூடு பண்ணிக் குடுங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டின்மேல் இருந்த விலாசத்தைப் பார்த்துக் கம்பெனிக்கே எழுதிப் போட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் ஆபீஸ் வாசலில் ஒரு பெட்டி நிறையப் புதுப் பால் டின் வந்து இறங்கியது. கூடவே டைப் அடித்த கடிதம். 'டியர் மேடம்' என்று தொடங்கி, மன்னிக்க வேண்டும் என்று முடிந்திருந்தது. அந்தப் புகார் நியாயமானது. அதற்காக நான் இன்றைக்கும் தலைகுனிய மாட்டேன்.

என்னைக் கெடுத்தது அந்த 'மேடம்'. தோட்டத்தில் என்னை ஆயா என்பார்கள், ஏம்மா என்பார்கள், மண்டோருக்குக் கோபம் வந்தால் இன்னும் என்னென்னவோ என்பார். கொட்டகைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அப்படிப்பட்ட என்னிடம் கோலாலம்பூரில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவன் மன்னிப்புக் கேட்கிறான். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். பால் டின்னுக்கு ஆசைப்பட்டேன் என்றால்கூட மானம் பாதியாவது மிஞ்சும். நான் ஆசைப்பட்டது இன்னொரு 'டியர் மேடம்'க்கு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான். கூரை ஒழுகி நம் சோப்புத் தூள் கட்டிப்போனது. கம்பெனி கட்டியான தூளை விற்றுவிட்டது என்று எழுதினேன், இரண்டு பெரிய பாக்கெட் வந்தது. காப்பித்தூளில் கல் இருந்தது என்று எழுதினேன். அந்தக் கல் நம் வாசலில் பொறுக்கியது. நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் பழைய பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆயா, இதுக்கும் ஒண்ணு எழுதிப் போடுங்களேன்" என்று நிற்பார்கள். உன் அப்பா கள்ளுக்கடையில் உட்கார்ந்து, "நம்ம வீட்டுக்காரி பேனாவ எடுத்தா கம்பெனியே நடுங்குது லா" என்று அளப்பார். கிராணிகூடப் பார்சலைக் கொடுக்கும்போது, "மேடமுக்கு வந்திருக்கு" என்று கிண்டல் செய்வார். எனக்கு அந்தக் கிண்டலும் இனித்தது. உனக்குப் பாடமே எடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் அந்தச் சாமானைப் புகழ வேண்டும், பல வருஷமாக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். பிறகு குழந்தைகளைக் கொண்டுவர வேண்டும். கடைசியில், எனக்கு எதுவும் திருப்பித் தர வேண்டாம், உங்கள் நல்ல பெயருக்காகத்தான் எழுதுகிறேன் என்று முடிக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதினால்தான் அனுப்புவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கற்றுத்தராததை நான் கற்றுத்தந்தேன் என்று பெருமை வேறு. போன ஞாயிற்றுக்கிழமை நீ அதை வரிசை தப்பாமல் மருமகளுக்கு ஒப்பித்தாய்.

ஏமாற்றுகிறோமே என்று தோன்றவில்லையா என்று கேட்பாய். தோன்றியது. தோன்றும்போதெல்லாம் வாயை அடைக்க ஒரு பதில் வைத்திருந்தேன். கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்? மாடி மேல் மாடி கட்டியிருக்கிறான், எல்லாம் நம்மிடம் பிடுங்கியதுதானே, அதில் ஒரு துளி திரும்பி வந்தால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நீயும் இதையேதான் சொன்னாய்.

அந்தத் தீபாவளிக்குப் பத்தாங் பெர்ஜுந்தை டவுனில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று வாங்கினோம். பிஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை. மேல் தட்டு முழுக்கத் தின்று தீர்த்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. அலமாரிக்கு அடியில் செத்துக் கிடந்த கரப்பான் பூச்சியை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு வந்து, "இது போதுமா மேடம்?" என்று நீ கேட்டாய். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டின்னுக்குள் ஒரு சின்னச் சீட்டு இருந்தது. குறை இருந்தால் இதைத் திருப்பி அனுப்பவும் என்று போட்டு, கீழே 'பேக்ட் பை' என்று எழுதி, நாற்பத்தொன்று என்று முத்திரை குத்தியிருந்தது. அந்தச் சீட்டையும் பூச்சியையும் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கடிதத்தோடு அனுப்பினேன். அது ஏதோ டின்னுடைய நம்பர் என்று நினைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'பேக்ட் பை' என்றால் அடுக்கினவர் என்று தெரியாத இங்கிலீஷா என் இங்கிலீஷ்?

ஒரு டின்னுக்கு இரண்டு டின் வந்தது. கடிதத்தில் வழக்கமான மன்னிப்போடு ஒரு வரி கூடுதலாக இருந்தது. சம்பந்தப்பட்ட தொழிலாளர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று. அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாருங்கள், என் ஒரு கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று. இப்போது இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அதற்குள் பள்ளி விடுமுறை தொடங்கி நீ கிள்ளானில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். அதனால் அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை.

ஒரு நாள் கொட்டகை வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், பின்வரிசை லயத்துச் சரோஜா வந்தாள். உனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள், விடியலில் ஃபேக்டரி பஸ் ஏறி ரவாங்குக்குப் போகிற பெண்களில் ஒருத்தி. அவள் சம்பளத்தில்தான் அவள் தம்பி படித்துக்கொண்டிருந்தான். நான் தேநீர் போட்டு, பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தேன். கம்பெனி அனுப்பிய பிஸ்கட். ஒன்றை எடுத்தவள் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க பிஸ்கட்டுதான்க்கா. இதத்தான் மேல் தட்டுல அடுக்குவோம்" என்றாள். தின்னவில்லை. மறுபடியும் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அக்கா, ஒரு இங்கிலீஷ் லெட்டர் எழுதணும். நீங்க எழுதுனா கம்பெனிக்காரன் கேப்பான்னு எல்லாரும் சொல்றாங்க."

"என்னாம்மா ஆச்சு?"

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்கக்கா. நான் அடுக்குன டின்னுல கரப்பான் பூச்சி இருந்துச்சாம். என் நம்பரு சீட்ட அனுப்பியிருக்காங்க, நாப்பத்தொண்ணு. சூப்பர்வைசரு அந்த லெட்டர எல்லாரு முன்னாடியும் மலாய்ல படிச்சுச் சொன்னாரு. யாரோ ஒரு அம்மா எழுதியிருக்காங்க. தீபாவளி அன்னிக்குப் புள்ளைங்க ஆசையா டின்னத் தொறந்துச்சாம். சின்னது பூச்சியப் பாத்து அழுதுகிட்டே ஓடிப்போச்சாம்."

நம் வீட்டில் சின்னது எது ஐயா? நீ ஒரே பிள்ளை, அதுவும் மீசை அரும்பிக்கொண்டிருந்த பிள்ளை. அந்தச் சின்னதை நான் இங்கிலீஷில்தான் பெற்றெடுத்தேன். என் வரியை அவள் வாயில் கேட்டேன். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"நான் பாத்துப் பாத்துதான்க்கா அடுக்குவேன். எப்பிடி வந்துச்சின்னே தெரியல. ஒரு நேரம், அந்தம்மா பொய் சொல்லியிருப்பாங்களோன்னு தோணுது. அப்பறம், புள்ளக்காரி, நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பொய் சொல்லப் போறாங்கன்னு இருக்கு. என் கண்ணுதான்க்கா தப்புப் பண்ணியிருக்கும்."

நான் எழுத வேண்டியிருந்த கடிதம் ஒரே வரி. பூச்சியை வைத்தது நான், இந்தப் பெண்மீது தப்பு இல்லை. அவ்வளவுதான். அதை எழுதியிருந்தால் மறுநாளே அவள் பஸ் ஏறியிருப்பாள். நான் எழுதியது ஒரு முழுப் பக்கம். அவள் சுத்தத்தைப் பற்றி, ஒழுக்கத்தைப் பற்றி, குடும்பக் கஷ்டத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்த நல்ல நல்ல சொல்லையெல்லாம் போட்டு எழுதினேன். அதுவும் கையெழுத்தை மாற்றிச் சாய்த்து எழுதினேன். கம்பெனிக்காரன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடக் கூடாதே. அவள் எட்டிப் பார்த்து, "எழுத்து எவ்ளோ அழகா சாஞ்சு ஓடுதுக்கா" என்றாள். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

கம்பெனி பதிலே போடவில்லை. அதற்குள் ஃபேக்டரி பஸ்ஸில் போகிற பெண்கள் மூலமாகக் கதை தோட்டம் முழுக்கப் பரவி, அவளுக்குக் கரப்பான் சரோஜா என்று பெயராகிவிட்டது. பெண் பார்க்க வந்த ராசா ஊர்க்காரர்கள், சுத்தபத்தம் இல்லாத பெண்ணாமே என்று எங்கேயோ கேள்விப்பட்டு, திரும்பி வரவே இல்லை. அவள் தோட்டத்திலேயே மருந்தடிக்கிற வேலைக்குப் போனாள். முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. கொஞ்ச காலத்தில் அவள் விரல் நகமெல்லாம் பழுத்துக் கருத்துப்போயிற்று. பிஸ்கட் அடுக்கின விரல்.

மாமா வீட்டிலேயே தங்கிப் படிக்க ஆரம்பித்த நீ அடுத்த விடுமுறைக்குத்தான் வந்தாய். சாயங்காலம் திடலில் பையன்களோடு நின்றுகொண்டிருந்தாய். அவள் டாங்கியோடு நடந்து போகும்போது, "கரப்பான் அக்கா, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்று கத்தினாய். நான் ஓடி வந்து எல்லோர் எதிரிலும் உன்னை அறைந்தேன். "எல்லாருந்தான் சொல்றாங்க, என்னை மட்டும் எதுக்கும்மா அடிச்சீங்க?" என்று கேட்டாய். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ பல நாள் என்னோடு பேசவில்லை. ஐயா, அந்த அறை எனக்கு விழ வேண்டியது. உன் கன்னம் பக்கத்தில் இருந்தது.

அதோடு நான் புகார் எழுதுவதை விட்டுவிட்டேன். கண் மங்குகிறது என்று லயத்துப் பெண்களிடம் சாக்குச் சொன்னேன். திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்குப் பயம், அவ்வளவுதான். பொய்யை எழுதிய கையால் அதற்குப் பிறகு நிஜத்தையும் எழுத முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கொட்டகைக்கு மறுபடியும் கெட்ட பால் வந்தது. வாளியில் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். எத்தனை தோட்டத்துக்கு அந்தப் பால் போயிற்றோ தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆயா வேலை போயிருக்கலாம். பொய் சொல்கிறவளிடம் யார் குழந்தையை விடுவார்கள்? உன் அப்பா கள்ளுக்கடையில் தலைகாட்ட முடியாது. இதையெல்லாம் எண்ணி எண்ணி, உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டே இருப்பதே எனக்குப் போதுமான தண்டனை என்று முடிவு செய்துகொண்டேன். நான் வெட்கப்பட்டதால் சரோஜாவுக்கு ஒரு நாள் சம்பளம் கூடக் கிடைக்கவில்லை.

புகாரே செய்யாதே என்று நான் சொல்லவில்லை. ரவாங் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் எழுது. வாங்கின சாமான் கெட்டிருந்தால் எழுது, வாயில்லாத பூச்சி மாதிரி இருக்காதே. நானே பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். ஆனால் பொய்யாக ஒரு வரி எழுதும்போது கம்பெனி என்கிற பெரியவனோடு மோதுகிறோம் என்று நினைக்காதே. அந்தப் பெரியவன் நம்மிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி, இருப்பதிலேயே சின்னவள் யார் என்று பார்த்து அவள் கழுத்தைப் பிடிப்பான். நமக்கு வருகிற இலவசத்துக்குக் காசு அங்கிருந்துதான் போகிறது. நீயும் ஃபேக்டரியில்தான் வேலை செய்கிறாய். உன் சட்டையிலும் ஒரு நம்பர் தொங்குகிறது. அதைக் குத்திக்கொள்ளும்போது ஒரு நிமிஷம் பார்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். அந்தக் குக்கரை யார் கொடுத்தது என்று போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேதான் உன்னைக் கேட்டேன். "யாரோ உலு யாம்காரங்கம்மா" என்றாய். அந்த உலு யாம்காரி சரோஜாதான். அந்த ஊரில் ஒரு லோரிக்காரரைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கி, இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். கல்யாணத்தன்று நீ மேடையில் மாலையோடு நின்றாய், உனக்கு முகம் பார்க்க நேரமில்லை. அவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்திருந்தாள். "எதுக்கும்மா இவ்வளவு செலவு?" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "இவங்கதாங்க நான் சொன்ன அக்கா. அன்னிக்கு எல்லாரும் என்னைக் கேலி பண்ணாங்க. எனக்குன்னு உக்காந்து ஒரு லெட்டர் எழுதுன ஒரே ஆளு இவங்கதான்." அவள் பிடித்திருந்த கையை நான் பார்த்தேன். இரண்டு நகம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போம்மா என்றேன்.

அந்தக் குக்கருக்குத்தான் நீ என்னைப் பொய் எழுதச் சொன்னாய். அதைப் பெட்டியில் வைத்து மூடினவள் எந்த நம்பரோ, எந்தத் தோட்டத்துப் பெண்ணோ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் உலு யாமுக்குப் போகிறேன். கடிதம் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் கடிதத்தை நம்பி அவள் பட்டது போதும், நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நீ கூட வர வேண்டாம், எனக்காகப் பேச வேண்டாம். அவள் என்னைத் திட்டட்டும், காறித் துப்பட்டும், கதவைச் சாத்தட்டும், அது அவள் உரிமை. ரவாங்கில்தான் பஸ் மாற வேண்டும். போகும்போது உன் வீட்டில் இறங்க மாட்டேன், உன்னைப் பார்த்தால் எனக்குத் தைரியம் போய்விடும். திரும்பும்போது வருகிறேன். அவள் வீட்டில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமோ கிடைக்காதோ, பசியோடுதான் வருவேன். அந்த நசுங்கின குக்கரிலேயே சோறு ஆக்கி வை. மூடி சரியாக உட்காராது, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வை. சோறு வெந்துவிடும்.

அம்மா